பல் வைத்தியர் கடையில் ‘ஆன்’ பாடம்

திருப்பதியில் ஒரு சீனப் பல் வைத்தியர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மகனுக்குக் காய்ச்சல் விட்டால் மலைக்கு நடந்தே வருவதாக வேண்டுதல்; விட்டுவிட்டது. நகரியில் இருந்து வந்துவிட்டேன். ஆனால் கடைவாய்ப்பல் வலி மலையடிவாரத்து அலிபிரிக்குக்கூடப் போகவிடவில்லை. கடைப் பலகையில் தமிழை அழித்துத் தெலுங்கு எழுதியிருக்கிறார்கள். மெட்ராஸை விட்டு ஆந்திரா பிரிந்ததில் இருந்து எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

வைத்தியர் மெட்ராஸில் பிறந்தவர். மனைவி சீனாவில் இருந்து வந்து சில மாதம்தான் ஆகிறது. மூலையில் உட்கார்ந்து இங்கிலீஷ் எழுதிப் பழகுகிறார்.

“இங்கிலீஷ்ல ஆன்னு (on) ஒரு சொல்லு, அண்ணே. அதாலதான் இவளோட சண்டை,” என்கிறார் வைத்தியர், என் ஈறில் மருந்து தடவிக்கொண்டே. “மேசை மேல விளக்கு, செவுத்துல படம், ரெண்டுக்கும் ஆன். அது சரின்றா. வானத்துல பறவைக்கு ஆன் போட்டா தப்பு. ஆனா வெள்ளிக்கிழமைக்குப் போடணும். கிழமை மேல எப்படிய்யா குந்தறதுன்னு கேக்கறா. நீயே சொல்லு, வெள்ளிக்கிழமை வரேன்றதுக்கு மேல கீழன்னு எதனா சேப்பியா?”

பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன். பல் அவர் குறட்டில் இருக்கிறது. பயப்பட நேரமே இல்லை.

அந்த அம்மா பென்சிலோடு என்னையே பார்க்கிறார்.

“எங்களுக்கும் வெறும் வெள்ளிக்கிழமைதாம்மா,” என்கிறேன், பஞ்சைக் கடித்துக்கொண்டு.

வைத்தியர் சீனத்தில் சொல்கிறார். அந்த அம்மா கணவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, எனக்கு உப்புத் தண்ணீர் கொண்டுவருகிறார். நாளைக் காலை மலை ஏறலாம் என்கிறார் வைத்தியர். மலையில் இவர்களுக்கும் சேர்த்துக் கும்பிட வேண்டும்.