நன்னாரிக்கு எட்டுப் புள்ளி

முப்பத்துநாலு வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். விஞ்ஞானப் பாடம். சரியென்றால் சரி, பிழையென்றால் பிழை, அரைப் புள்ளி குறைத்தாலும் காரணம் சொல்லிக் குறைப்பேன். அப்படிப்பட்ட என்னைக் கொக்குவிலில் என் சொந்த வீட்டு விறாந்தையில் வைத்து, நன்றாகப் படித்த, நல்ல மனிதர்கள் பத்துப் பதினொரு பேர் சேர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை பைத்தியம் பிடிக்கும்படி விசராக்கினார்கள். எல்லாம் நன்னாரியால் வந்த வினை.

என் மனைவி நன்னாரி வேரை இடித்து, ஊறவைத்துக் காய்ச்சி, சீனிப்பாகும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் போத்தில்களில் அடைப்பாள். தண்ணீரோ சோடாவோ கலந்து குடிக்கலாம். முதலில் சேர்ச் அறுவடை விழா விற்பனைக்கு மட்டும் செய்தாள். போன வருடம் யாழ்ப்பாண நகரில் ஒரு கடைக்காரர் அதை வாங்கிப் போய், கிழமைக்குக் கிழமை தொடர்ந்து தரமுடியுமா என்று கேட்டுவிட்டார். தருவதென்றால் அவள் இருபது வருடமாகப் படிப்பிக்கும் முன்பள்ளியை விடவேண்டும். இரண்டையும் ஒரு ஆளால் செய்ய ஏலாது. மாத முடிவுக்குள் முன்பள்ளிக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

“இஞ்சருங்கோ, ஆக்கள் சொல்லுறது கிடக்கட்டும்,” என்றாள். “உது கடையிலை வைச்சு விக்கிற தரமோ இல்லையோ எண்டு நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் ஓம் எண்டால் நான் வேலையை விடுறன்.”

என்னைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கலியாணம் முடித்து மூன்றாம் நாளே குழம்பில் புளி கூடிப்போச்சு என்று சொன்னவன் நான். அவளுடைய தமக்கை அதற்காக என்னோடு ஆறு மாதம் கதைக்கவில்லை. ஆனால் இவள் மட்டும், “ஒரு ஆளாவது உள்ளதைச் சொல்லுது” என்றாள். அன்றிலிருந்து எங்கள் குசினியில் நான்தான் பரீட்சகர். உப்புக் குறைவு, கறி தாளித்தது கருகிவிட்டது, மீன் நேற்றையது, எதையும் மறைத்ததில்லை.

அந்தப் பரீட்சகருக்கு மூக்கு இல்லை என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. அதற்கும் இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல் என் மணத்தைக் கொண்டுபோய்விட்டது. நாக்குக்கு இனிப்பும் புளிப்பும் உப்பும் கசப்பும் தெரியும், மற்றதெல்லாம் மூக்கின் வேலை. மணமில்லாத நன்னாரி வெறும் சீனித்தண்ணி. ஒரு கிழமையில் திரும்பிவிடும் என்று முதலில் சொல்லாமல் இருந்தேன். பிறகு ஒரு மாதம் பார்ப்போம் என்று இருந்தேன். அதற்குள் எல்லாவற்றுக்கும் “நல்லாயிருக்கு” என்று சொல்லிச் சொல்லி, இனிச் சொன்னால் இவ்வளவு நாளும் பொய்யோ என்று கேட்பாளே என்ற பயம் வந்துவிட்டது. வெட்கமும்தான். சமையல்கட்டில் எனக்கு வேறு என்ன பதவி இருந்தது?

ஆகவே மற்றவர்களின் மூக்கை இரவல் வாங்க நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி ரொரன்ரோவிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். உள்ளே மூன்று விதமான ரூட் பியர் ரின்கள். அதுவும் வேரில் செய்யும் பானம்தான், வெறி கிடையாது, “எங்கடை நன்னாரிக்கு இஞ்சத்தைச் சொந்தக்காரன்” என்று எழுதியிருந்தான். நல்லதாய்ப் போச்சு என்று கடையில் மூன்று விதமான நன்னாரிப் பாணிப் போத்திலும் வாங்கினேன். ரின் மூன்று, கடைப் போத்தில் மூன்று, இவளுடையது ஒன்று. ஏழு கோப்பைகளுக்கும் இலக்கம் மட்டும் போட்டேன். மணம், இனிப்பு, நிறம், குடித்தபின் வாயில் நிற்பது என்று கட்டம் கீறி, பத்துக்குப் புள்ளி போடச் சொல்லித் தாள் அடித்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து உறவுக்காரரையும் சேர்ச் ஆட்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

வந்தவர்கள் வாய்க்குள் ஒரு சொட்டு விடமுன்னமே, “எது மாஸ்ரர் உங்கடை வீட்டுது?” என்று கேட்டார்கள். சொல்லமாட்டேன் என்றேன். உடனே எல்லாரும் என் மனைவியின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். நாலாம் இலக்கக் கோப்பையை நீட்டும்போது பாவி மூச்சைப் பிடித்திருக்கிறாள். நாலாம் இலக்கத்துக்கு எல்லாரும் ஒன்பது.

ஆனால் ரூட் பியருக்கு வந்ததும் பார்க்கவேண்டும். “இது முழங்காலுக்குப் பூசுற தைலம் மணக்குது” என்றார் சேர்ச் மாதர் சங்கத் தலைவியாக இருக்கும் அக்கா. இன்னொருவர், இரண்டாவது ரின் முதலாவதை விட வனிலா கூட, மூன்றாவதில் வேர் மணமே இல்லை, வெறும் காஸ் என்று வரி வரியாக எழுதிக் கொடுத்தார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இவர்களுக்கு மூக்கு இருக்கிறது, நாக்கு இருக்கிறது, எழுதவும் தெரிகிறது. கண்காணாத கொம்பனி என்றால் பயமில்லாமல் புள்ளி வெட்டுகிறார்கள். எங்கள் வீட்டுக் கோப்பை என்றால்தான் எல்லாவற்றையும் படலைக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறார்கள்.

அடுத்த ஞாயிறு மனைவியைக் குசினிக்குள் இருக்கச் சொன்னேன். அவளுடைய பானத்தை அடியோடு எடுத்துவிட்டேன். மேசையில் இருந்தது கடைப் போத்தில் மூன்றும் மட்டுமே. அதை நான் சொல்லவில்லை. தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் எட்டு, எட்டு, எட்டு. பத்துப் போட்டால் முகத்துதி, ஏழு போட்டால் மனம் நோகும், ஆகவே எட்டு. பச்சை மூடிப் போத்திலுக்கு நேரே ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர், “தங்கள் துணைவியாரின் கைப்பக்குவம் தனி” என்று வடிவான எழுத்தில் எழுதியிருந்தார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். கிழித்ததை அவர் கண்டும் காணாததுபோல, “நல்ல குளிர்மை” என்றார்.

வாய் பொய் சொல்லும், மிச்சம் பொய் சொல்லாது என்று மூன்றாம் ஞாயிறு ஒரு யோசனை வந்தது. புள்ளித் தாளே வேண்டாம். விரும்பினால் குடிப்பார்கள், விரும்பாவிட்டால் மிச்சம் விடுவார்கள். எல்லாருக்கும் சரியாக அளந்து ஊற்றினேன். அவர்கள் போனபிறகு கோப்பைகளில் கிடந்த மிச்சத்தை அளவுச்சாடியில் ஊற்றி அளந்தேன். நான் எந்த ஊரிலே பிறந்தவன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விருந்துக்குப் போன வீட்டில் கோப்பையை வெறுமையாக்கினால் காணாததைக் கண்டவன் என்பார்கள், பாதி விட்டால் வீட்டுக்காரிக்கு அவமானம். ஆகவே கடைசி மிடறை விடவேண்டும் என்று எங்களுக்கு அடித்துப் பழக்கியிருக்கிறார்கள். எல்லாக் கோப்பையிலும் ஒரே அளவாக அந்தக் கடைசி மிடறு நின்றது. நானும் அப்படித்தான் விடுகிறேன், அறுபது தாண்டிய இந்த வயதிலும். ஆய்வுகூடத்தில் இவ்வளவு ஒத்துப்போகும் அளவீடு ஒருநாளும் கிடைத்ததில்லை.

பிறகும் ஒரு வழி இருந்தது. நகரில் சர்பத் கடை வைத்திருப்பவர் ஒருவர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களைப்போல குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து தகப்பனின் தொழிலைச் செய்கிறார். நன்னாரியில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு போத்திலைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்து மணந்தார். ஒரு சொட்டு நாக்கில் விட்டார். கண்ணை மூடினார். இதோ வரப்போகிறது என்று நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“சேர், என்னைத் தெரியேல்லையோ? ஊரை விட்டுப் போகமுன்னம் எட்டாம் வகுப்பிலை உங்களிட்டைப் படிச்சனான்,” என்றார். “உங்கடை வீட்டுச் சாமானுக்கு நான் புள்ளி போடுறதோ? நல்லாயிருக்கு சேர். இருங்கோ, ஃபலூடா குடிச்சிட்டுப் போங்கோ.”

குடித்தேன். குளிராக இருந்தது, இனித்தது. காசு வாங்க மறுத்துவிட்டார். கடைசி மிடறை விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் மாதத்தின் கடைசி நாள். காலையில் மனைவி என் முன்னால் நாலு கோப்பைகளை வைத்தாள். “மற்றவை சொன்னது காணும். இப்ப நீங்கள் போடுங்கோ,” என்றாள். நாலையும் குடித்தேன். எல்லாம் இனித்தது. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அவளுடைய கையையும் கண்ணையும் பார்த்தேன். மூன்றாவதை எடுத்தபோது அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். முதலாவதுக்கு ஆறு, இரண்டாவதுக்கு ஏழு, நாலாவதுக்கு ஆறரை. மூன்றாவதுக்கு ஒன்பது போட்டு, “வேர் மணம் தூக்கலாய் நிக்குது” என்று காரணமும் எழுதினேன்.

தாளை வாங்கி வாசித்தாள்.

“நாலும் ஒண்டுதான்,” என்றாள். “சீனியும் தேயிலைச் சாயமும். வேர் போடேல்லை.”

பேனையை மூடி வைத்தேன். பிறகு சொன்னேன். காய்ச்சல், மூக்கு, இரண்டு வருடம், எல்லாம். அவள் ஆறுதல் சொல்லுவாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

“ரெண்டு வருசமாய் நீங்கள் ஒரு குறை சொல்லேல்லை,” என்றாள். “உப்புப் போடாமல் புட்டு வைச்சுப் பாத்தன். நல்லாயிருக்கு எண்டியள்.”

“உப்புத் தெரிஞ்சது. குறை சொல்லப் பயந்திட்டன். ஒண்டைச் சொன்னால் மற்றதைக் கேப்பீர் எண்டு.”

“நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? இனி உவளுக்குச் சொல்லி என்ன பிரயோசனம் எண்டு என்னை விட்டிட்டியள் எண்டு நினைச்சன். ரெண்டு வருசமாய் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு சமைச்சனான்.”

பதினொரு பேரையும் திட்டித் தீர்த்த வாய் எனக்கு. அவர்கள் ஆளுக்கு ஒரு பகல்தான் எட்டுப் புள்ளி போட்டார்கள்.

அவள் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். சாறி மாற்றிக்கொண்டு முன்பள்ளிக்குப் போனாள். தொடர்ந்து படிப்பிக்கிறேன் என்று அங்கே சொல்லிவிட்டு, போத்தில் கேட்ட கடைக்காரருக்கும் போன் எடுத்து ஏலாது என்று சொன்னாள். நான் தடுக்கவில்லை. நான் ஓம் என்றால் விடுகிறேன் என்றுதானே சொல்லியிருந்தாள், எனக்கு ஓம் சொல்லத் தெரியவில்லை.

அவளுடைய நன்னாரி நல்லதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது கேட்டால் உள்ளதைச் சொல்வேன்: இனிப்புச் சரி, புளி கொஞ்சம் கூட, மிச்சம் தெரியாது. அவள் கேட்பதில்லை.