மாதையன் சைக்கிளுக்குப் புது பிரேக்

அதியமான்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த சவரிக்கு, தபால்காரன் மாதையனைக் கண்டாலே வயிறு எரியும். அந்த வேலைக்கு இருவருமே மனுப் போட்டிருந்தார்கள். மார்க்கு சவரிக்கு அதிகம். ஆனால் மாதையனின் மாமா மணியக்காரர்.

1971இல் ஒருநாள், கம்பி பிரேக்கைக் கழற்றிவிட்டு கேபிள் பிரேக் மாட்டச் சொல்லித் தன் பழைய சைக்கிளைக் கொண்டுவந்தான் மாதையன். ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் தொங்கியது.

"இது எதுக்குங்க?"

"ஊர்க் கண்ணு பொல்லாதது சவரி. வேலை கெடச்சதுலேர்ந்து அவனவன் வயிறெரிஞ்சு பாக்கறான்."

சவரி கேபிள் பிரேக்கை மாட்டினான். ரிம்மைக் கவ்வ வேண்டிய தாடைகள் அந்தப் பழைய ஃபோர்க்குக்கு எட்டவில்லை. பிரேக் கட்டை டயரில் உரசியது. தொப்பூர் இறக்கத்தில் டயரைக் கிழித்துவிடும்.

"ஆச்சா?"

ஆச்சுங்க என்று சொல்லிவிட்டால் போதும். சவரி அந்தப் பழத்தைப் பார்த்தான். மூன்று வருடமாக அவன் வயிறெரிந்து பார்த்ததில் மாதையனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. பார்வை எவனையும் எதுவும் செய்யாது. இந்தக் கட்டை செய்யும்.

"இன்னும் ஆவலைங்க, உக்காருங்க."

இரும்புப் பட்டை ஒன்றில் துளை போட்டு, பிரேக்கை அரை அங்குலம் இறக்கி மாட்டினான்.

"பிரேக்கு பிடிக்கும். பழத்தைக் கழட்டி ஜூஸ் போட்டுக் குடிங்க."

காக்கிச் சட்டை மேட்டில் ஏறி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.