கரை கண்ணில் தெரிந்துகொண்டே இருந்த பகல்

எனக்கு நீச்சல் தெரியாது. திருநெல்வேலிப் பக்கம் கிணற்றில் தண்ணீர் நின்றாலே அதிசயமான ஒரு ஊரில் பிறந்து, யானைக்கவுனியில் தாய்மாமனின் பருப்பு மண்டிக்கு வேலைக்கு வந்தவன் நான். சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மண்டி கிடையாது என்பதால் ராயபுரம் கடற்கரைக்குச் சடுகுடு ஆடப் போவேன். அங்கேதான் எனக்கு இரண்டு சிநேகிதர்கள் கிடைத்தார்கள். ஒருவன் கல்மண்டபத்துக்குக் கிழக்கே குப்பத்தில் சொந்தமாகக் கட்டுமரம் வைத்திருந்த மீனவன். மற்றவன் புளியந்தோப்புக்காரன், பஞ்சாலையில் வேலை. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு.

"எப்பப் பாத்தாலும் மண்ணுலயே உருண்டுகினு கீறோமே, ஒரு நாள் உள்ள வாங்கடா. தூண்டி போட்டுட்டு மத்தியானம் வந்துரலாம்" என்றான் மீனவன். ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில், முந்தின இரவே குப்பத்துக்கு வந்து படுத்திருந்து, விடியும்போது கிளம்பினோம்.

கட்டுமரத்தைக் கரையில் பார்த்திருக்கிறேனே தவிர அதில் ஏறியதில்லை. நாலைந்து மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியதுதான் அது. பிடித்துக்கொள்ள விளிம்பு கிடையாது. மரங்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறி இறங்கும். முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மீனவன் பின்னால், நான் நடுவில், ஆலைக்காரன் முன்னால்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கரைக்காற்று பாயைத் தள்ள, மரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆழத்தில் தூண்டில் விட்டதும் சங்கரா மீன் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது. என் தூண்டிலில் ஒரு வஞ்சிரம் சிக்கி இழுத்த இழுப்பில் கைவிரல் அறுபட்டது. ஆலைக்காரன் குனிந்து அதைப் பிடித்து மேலே போட்டபோது மூவரும் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

வெயில் ஏறியதும் மீனவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். திரும்பித் திரும்பிக் கிழக்கே பார்த்தான்.

"இன்னாடா பாக்குற?" என்றான் ஆலைக்காரன்.

"கடல்காத்து இந்நேரம் திரும்பியிருக்கணும். மேலக்காத்து வுடமாட்டேங்குது. பாய சுருட்டு. தொடுப்பு போடணும்."

துடுப்புப் போட்டோம். கரையில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. ஐகோர்ட்டின் விளக்குக் கூண்டு தெரிந்தது. அங்கிருந்து வீசிய மேற்குக் காற்று எங்களை முகத்தில் அறைந்து பின்னுக்குத் தள்ளியது. உள்ளங்கை கொப்பளித்து உடைந்த பிறகும் கோபுரம் பெரிதாகவில்லை. இதற்கிடையில் நீரோட்டம் எங்களை வடக்கே இழுத்துக்கொண்டிருந்தது.

வழியில், துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பலைக் கடந்தோம். துண்டை வீசி வீசிக் கூப்பிட்டோம். மேல்தளத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கை அசைத்தார்கள். நாங்கள் சும்மா கை காட்டுகிறோம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவர்கள் சின்னதாகிச் சின்னதாகி மறைந்தார்கள்.

அதன் பிறகுதான் எனக்கு அது வந்தது. பசியும் இல்லை, குமட்டலும் இல்லை. மடக்கிய முழங்காலை நீட்ட வேண்டும். அவ்வளவுதான். நீட்ட இடமில்லை. நீட்ட முடியாது என்று தெரிந்ததும் மார்பு இறுகியது. அறைக்குள் மூச்சு முட்டினால் வெளியே ஓடலாம். அங்கே வெளியே என்று ஒன்று இல்லை. அத்தனை பெரிய கடலில் என் உடம்பளவு இடத்தில் யாரோ என்னை அடைத்துவைத்த மாதிரி இருந்தது.

"நான் இறங்கணும்" என்றேன்.

"எங்க எறங்குவ?" ஆலைக்காரன் சிரித்தான். திரும்பி என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

"என்னை இறக்கி விடுங்கல! என்னால இருக்க முடியலல!" என்று கத்தியபடி எழுந்துவிட்டேன்.

மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மீன் கூடையும் குடிதண்ணீர்ப் பானையும் கடலில் போயின. மீனவன் பாய்ந்து என் இடுப்பைப் பிடித்துக் கீழே அழுத்தினான். நான் அவனைக் குத்தினேன், கடித்தேன். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. பாய்க் கயிற்றை எடுத்து என்னை மரத்தோடு சேர்த்துக் கட்டினான். முடிச்சு இறுகியபோது நான் குழந்தை மாதிரி அழுதேன்.

 ஆலைக்காரன் மீனவனிடம், "மிச்சக் கவுறு கீதா? என்னியும் சேத்துக் கட்டு" என்றான்.

"உனுக்கு இன்னாத்துக்கு?"

"கட்டுடா. அவன் மட்டும் தனியா கட்டுப்பட்டுக் கெடக்கணுமா?"

என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டான். "ஆலைல சேந்த புதுசுல எனுக்கும் இப்டித்தான் ஆச்சு மாமு. கதவ மூடிட்டா பஞ்சுத் தூசில மூச்சே வராது. ஓடிரலாம்னு தோணும். அப்பல்லாம் பக்கத்து மிசின்காரங்கிட்ட எதுனா கத்திகினே இருப்பேன். சத்தத்துல அவனுக்கு ஒண்ணும் கேக்காது. நீயும் பேசு. இன்னா வேணா பேசு."

நான் பேசினேன். பருப்பு வகைகளைச் சொன்னேன், ஊரில் செத்துப்போன மாட்டைப் பற்றிச் சொன்னேன், அம்மாவின் மேல் எனக்கிருந்த கோபத்தைச் சொன்னேன். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. அவன் எல்லாவற்றுக்கும் "அப்பால?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பயம் விடவில்லை. ஆனால் அடுத்த பேச்சுவரைக்கும் தாங்க முடிந்தது.

பொழுது சாயும்போது கடல் பக்கமிருந்து பிடரியில் சில்லென்று ஒரு காற்று பட்டது. மீனவன் எங்கள் இருவரையும் அவிழ்த்து, அதே கயிற்றில் பாயை ஏற்றினான். ராயபுரம் போக முடியாத அளவுக்கு வடக்கே வந்துவிட்டிருந்தோம். எண்ணூர் மணலில் அலை எங்களைத் தூக்கி எறிந்தது. கால் மரத்துப்போய் நான் தவழ்ந்தே ஏறினேன். அங்கிருந்த குப்பத்தில் ஒரு அம்மாள் நீராகாரம் கொடுத்தாள். மீனவன் என்னிடம் தன் முழங்கையைக் காட்டினான். என் பல் பதிந்திருந்தது.

"நல்லாக் கடிக்கிற நைனா. கருவாடு வேஸ்டா போவாது உங்கிட்ட" என்றான். அப்போதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மண்டியில் வேலை செய்யும் நாங்கள் ஆறு பேரும் மூட்டைகளுக்கு நடுவில்தான் படுப்போம். மாமா வெளியே பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோவார். திருட்டுப் பயம். எல்லா மண்டியிலும் அதுதான் வழக்கம். நானும் வந்த நாளிலிருந்து அப்படித்தான் தூங்கினேன். அன்றைக்கு இரவு, எண்ணூரிலிருந்து திரும்பி வந்த பிறகு, அவர் கதவை இழுக்கும்போது நான் வெளியே வந்து நின்றேன்.

"பூட்டாதீங்க மாமா. பூட்டுறதா இருந்தா நான் நடைபாதையில படுத்துக்கிடுதேன்."

"என்னல ஆச்சு உனக்கு? பேய் கீய் அடிச்சிட்டா?"

 பாயை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மற்ற ஐந்து பேரையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பூட்டினார். அடுத்த மாதமே புளியந்தோப்பில் ஆலைக்காரன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்தாலும், தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது.