வைப்பாற்றோடு நின்ற நடை

புதியம்புத்தூரில் பள்ளிச் சீருடைச் சட்டைகளைப் பிரித்துப்போட்டு, காலர் தையல் கோணலாக இருக்கிறதென்று தையல்காரரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அய்யாத்துரை அண்ணாச்சியின் மனைவி ஈஸ்வரி மதினியிடமிருந்து அழைப்பு வந்தது. "அவிய போயிட்டாவ தம்பி" என்றார். எங்கே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. காலையில் காப்பி குடித்து டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். சட்டைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

கல்லூரி மைதானத்தில் காலையில் நடக்கும் நம் கூட்டத்துக்குக் கண்டக்டர் அய்யாத்துரை அண்ணாச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாகலாபுரத்துக்காரர். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வழியாக வேம்பார் போகும் பஸ்ஸில் பணிக்காலம் முழுக்க விசில் ஊதியவர். நான் ஜவுளிக்கடைக்காரன், வாய் நீளம், மூக்கு நுனியில் கோபம். அவருக்கு எதிர்மாறான ஆள். இருந்தும் ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து அவர் என்னோடுதான் நடந்தார். ஏன் என்று அவரிடம் கேட்கத் தோன்றவே இல்லை.

அவரைப் பற்றி நம் கூட்டத்தில் ஒரு பொய் உலவுகிறது. அதை அவிழ்த்துவிட்டவன் நான். அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது, உங்களுக்குத் தெரியும். வேம்பாரில் பஸ் திரும்புவதற்குள் பத்து நிமிடம் கடலைப் பார்ப்பாராம். அவ்வளவுதான் அவருக்கு வாய்த்த கடல். "எந்த ஊருக்கும் ரெண்டு பக்கம் உண்டு வே. பஸ் திரும்புத பக்கத்தைத்தான் நாம பாத்திருக்கோம்" என்பார். தருவைகுளத்தில் ஆரம்பித்து, கரையோரமாகவே மூன்று நாள் நடந்து, கடல் பக்கமாக வேம்பாருக்குள் நுழைய வேண்டும். தன் பஸ் நிற்கும் இடத்துக்குப் பஸ்ஸில்லாமல் போய்ச் சேர வேண்டும். மைதானத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் வீறாப்பாக வருகிறேன் என்றேன்.

தை மாதக் கடைசியில் கிளம்பினோம். முதல் நாள் உப்பளங்களை ஒட்டியே நடை. அது மணற்கரை இல்லை. கால் வைத்தால் வழுக்கும் சாம்பல் நிறச் சேறு, முட்டளவு உயரத்தில் ஏதோ புதர், நண்டு வளைகள். ஆள் அரவம் இல்லை. அண்ணாச்சி தூரத்தை, பஸ் டிக்கெட் கட்டணம் மாறும் ஸ்டேஜ் கணக்கில்தான் சொல்வார். "இன்னும் ஒரு ஸ்டேஜ்தான் வே" என்று சொல்லிச் சொல்லியே சாயங்காலம் வரை நடக்கவைத்துவிட்டார். அன்று ஒரு மீனவர் ஊரில், மாதா கோயில் வராந்தாவில் படுத்துக்கொள்ள விட்டார்கள்.

இரண்டாம் நாள் ஓர் ஓடை குறுக்கிட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், தண்ணீர் ஓடுகிற பக்கமாகவே இறங்கிப் போங்கள், காய்ந்த பக்கம் மட்டும் போகாதீர்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரிசலில் பிறந்தவனுக்கு மண்ணைப் பற்றிச் சொல்லித்தருகிறாரே! நம் காட்டில் ஈரமாக இருந்தால்தான் மண் காலைப் பிடிக்கும். வெடித்துக் காய்ந்துவிட்டால் பாரவண்டியையே தாங்கும். ஓடையின் மேல்பக்கம் நம் ஊர்க் காடு மாதிரியே பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, மேலே லேசாக உப்புப் பூத்து. அண்ணாச்சி, "அந்த ஆளு சொன்னபடி போவோம் வே" என்றார். நான் கேட்கவில்லை. உம்ம பஸ் தடம் இல்லை இது, மண்ணு, எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். ஏழெட்டு எட்டுதான் வைத்திருப்பேன். அப்பளம் நொறுங்குவது போல மேல்பாளம் உடைந்து, இடுப்பு வரை உள்ளே போய்விட்டேன்.

காலை இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அண்ணாச்சி வேட்டியை உருவி முறுக்கிக்கொண்டு, பட்டாபட்டி டவுசரோடு சேற்றில் குப்புறப் படுத்து, தவழ்ந்தே வந்தார். அந்த நேரத்திலும் அவருக்குக் குரல் உயரவில்லை. "முண்டாதேயும். பஸ் நின்ன பொறவுதான் எறங்கணும். நான் விசில் குடுக்குத வரைக்கும் அசையாதேயும்" என்றார். வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டேன். வலைக்காரரும் ஓடி வந்தார். நான் வெளியே வர அரைமணி நேரம் ஆனது.

மூன்றாம் நாள் காலை வைப்பாற்று முகத்துவாரம். ஆற்றைத் தாண்டினால் ஒரு பகல் நடையில் வேம்பார். கரையில் அதே சேறு, அதே வெடிப்பு. பார்த்ததும் இரண்டு எட்டுப் பின்னால் வந்துவிட்டேன். என்னால் முடியாது என்றேன். அவர் கொஞ்ச நேரம் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி வே, வாரும்" என்று சொல்லி ஊருக்குள் பஸ் நிற்கும் இடத்துக்கு என்னோடு திரும்பி நடந்தார். வழியில் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

மைதானத்தில் நீங்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டு, ஏன் பாதியில் வந்துவிட்டீர்கள் என்று கேட்டீர்கள். அண்ணாச்சிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டேன். அவர் பக்கத்திலேயேதான் நின்றார். குனிந்து முழங்காலைத் தடவி, "ஆமா, வயசாச்சுல்லா" என்றார். அன்றிலிருந்து மூன்று வருஷமாக அந்த முழங்காலை வைத்து நாம் எல்லோரும் அவரைக் கேலி செய்தோம். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அவர் முழங்காலுக்கு ஒன்றுமே இல்லை, நண்பர்களே. பயந்து திரும்பியவன் நான்.

ஒவ்வொரு தையிலும் மிச்சத்தை நடந்துவிடுவோமா வே என்று கேட்பார். கடையில் ஆளில்லை என்பேன், பேத்திக்குக் காதுகுத்து என்பேன். "சரி, அடுத்த தையில பாப்போம்" என்பார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் போன பிறகு மதினியிடம் இதையெல்லாம் சொல்லி அழுதேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "மிச்சத்த நீங்க மட்டும் போயி நடந்துட்டு வாங்களேன்னு நானே சொன்னேன் தம்பி. 'அந்த மனுசன் பயந்த எடத்த நான் தனியா தாண்டிட்டா, பொறவு அவரு எங்கூட மைதானத்துக்கு வருவாராட்டி? எனக்கு வேம்பார விட அவருதான் வேணும்'னுட்டாவ" என்றார்.

இப்போதும் விடிந்ததும் மைதானத்துக்குப் போகிறேன். யாரோடும் சேர்ந்து நடக்கப் பிடிக்கவில்லை. தை வந்தால் நாமெல்லாம் சேர்ந்து போய், வைப்பாற்றிலிருந்து வேம்பார் வரை அவர் நினைவாக நடந்து முடிப்போம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், போய் வாருங்கள். என்னைக் கூப்பிடாதீர்கள். பயத்தால் சொல்லவில்லை, அந்தச் சேற்றில் இன்றைக்கே இறங்கத் தயாராக இருக்கிறேன். ஆனால் அவர் எனக்கென்று விட்டுவைத்துப் போனது அந்த ஒரு பகல் நடை மட்டும்தான். அதை நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. அவரோடு நடக்க வேண்டும் என்றுதான் ஆசை.