ஒரே பேசின் தண்ணீர்

என் வலது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இனிப்பு நீர்தான் காரணம், அந்தச் சர்க்கரை வியாதி. அது போய்க் கொஞ்ச காலத்தில் பக்கத்து விரலிலும் புண் வந்துவிட்டது. கிளினிக்கில் மிஸி, அந்த நர்ஸம்மா, மருந்து வைத்துக் கட்டிவிட்டு, நனைக்கக் கூடாது, அழுக்குத் தண்ணீர் பட்டால் அந்த விரலும் போகும், பிறகு பாதமே போகும் என்று மலாயில் சொல்லி, எனக்குப் புரிந்ததா என்று திரும்பச் சொல்ல வைத்து அனுப்பினார். அதிலிருந்து பிளாஸ்டிக் பையைக் காலில் கட்டிக்கொண்டுதான் குளிக்கிறேன். வெளியே போனால் காலுறை போட்டுக்கொள்வேன். புதுப்புண் வந்தது யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிடும். அவள் கெட்டவள் இல்லை. வாய் நிற்காது, அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது சுங்கை லாலாங் பக்கம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டு ரோட்டோரமாகச் சின்னச் சின்ன வீடு கட்டிக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு மண்டபம். அந்த மண்டபத்துக்குத்தான் மோட்டார் சைக்கிள் கூட்டம் ஒன்று வருவதாகச் சொன்னார்கள். வேதக்காரர்கள், இயேசு சாமியைக் கும்பிடுகிறவர்கள். பெரிய பெரிய மோட்டாரில் அலோர் ஸ்டாரில் கிளம்பி, வழியெல்லாம் இல்லாதவர்களுக்குச் சாமான் கொடுத்துக்கொண்டே வருவார்களாம்.

வேதக்காரர்கள் எனக்குப் புதுசு இல்லை. எங்கள் லயத்திலேயே இருந்தார்கள். என் வீட்டுக்காரர் இறந்தபோது என் அடுப்பு எரியவில்லை. எதிர்வீட்டு வேதக்கார அம்மாதான் சோறும் ரசமும் கொண்டு வந்து கதவோரம் வைத்துவிட்டுப் போவார். கூப்பிடக்கூட மாட்டார். அதனால் இவர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டாள்.

"அக்கா, முன்னால நாற்காலியில உட்கார வயசான பொம்பளைங்க கொஞ்சம் பேர் வேணுமாம். உன் பேரையும் சொல்லிட்டேன்."

"என்னை ஏன் சொன்ன? எனக்குக் கூட்டத்துல உட்கார வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"உட்காரத்தானே சொன்னாங்க, ஆடவா சொன்னாங்க? நீ வாயே திறக்க வேணாம். போட்டோ எடுப்பாங்க, சாமான் பையைக் குடுப்பாங்க, வந்துடலாம் லா."

வாய் திறக்க வேண்டாம் என்றதால்தான் போனேன்.

அவர்கள் வரும் சத்தம் செம்பனைக்குள்ளே வெகு தூரத்திலிருந்தே கேட்டது. நாய்கள் குலைக்கக்கூட இல்லை, ஓடிப்போய்ச் சாக்கடைக்குள் படுத்துக்கொண்டன. மண்டபத்து வாசல்வரை மோட்டாரைக் கொண்டுவந்து, நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டே நின்றார்கள். புகை முழுக்க உள்ளே வந்தது. அந்த வெயிலில் கறுப்புத் தோல் ஜாக்கெட், முதுகில் பெரிய சிலுவை. ஜாக்கெட்டைக் கழற்றியதும் வேர்வையும் வாசனைத் தண்ணீரும் கலந்து ஒரு வாடை. நான் நாற்றத்துக்குப் பயந்தவள் இல்லை. நாறுகிற ரப்பர் ஒட்டுப்பால் மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்றவள். ஆனால் அந்த வாடை வேறு மாதிரி, தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது.

முன்வரிசையில் எங்களை உட்கார வைத்தார்கள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஓரமாகக் கடைசி நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இருக்கிற இடத்திலேயே மோசமான இடம் அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவர்களுக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். பாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. "இன்னைக்கு நாங்க இந்தத் தாய்மாருங்க காலைக் கழுவப் போறோம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் முழித்தாள். அவளுக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் பேசின் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். தண்ணீர் ஊற்றி, ரோஜா இதழைத் தூவி, வாசனை சோப்பைக் கலக்கினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ஒரு பேசின். ஒரே ஒரு துண்டு. வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் காலுக்கும் அதுதான். யாரோ பின்னாலிருந்து, "தண்ணி மாத்த வேணாமா?" என்று கேட்டதற்குப் பாஸ்டர் மைக்கிலேயே, "ஆண்டவர் சீடர்களோட காலை ஒரே பாத்திரத்துலதான் கழுவினாரு" என்றார். அதற்கும் கை தட்டினார்கள்.

முதல் நாற்காலியில் இருந்தது மாடு வளர்க்கிற கிழவி. பால் கறந்த கையோடு அப்படியே வந்திருந்தாள். அவள் காலை உள்ளே விட்டதும் பேசின் பச்சையாகிவிட்டது. வைக்கோல் துணுக்கு மிதந்தது. ஒரு ஆள் முட்டி போட்டுத் தேய்த்தார். போன் வைத்திருந்த ஒல்லியான ஆள் குனிந்து, "குதிகாலைக் கொஞ்சம் தூக்குங்க, அந்த வெடிப்பு நல்லாத் தெரியணும்" என்றான். கிழவியும் தூக்கிக் காட்டினாள். கழுவி முடித்ததும் துடைத்து, காலில் முத்தம் கொடுத்தார்கள். அவள் கூச்சத்தில் சிரித்தாள். அடுத்த கால். அதற்கடுத்தது. ஒருத்தி வெற்றிலை எச்சிலைப் பேசினுக்குப் பக்கத்திலேயே துப்பினாள், பாதி உள்ளே போனது. அதற்காக யாரும் நிறுத்தவில்லை.

எங்கள் ஆட்களில் அடுத்தவர் நம் காலைப் பிடித்துத் தேய்த்துக் கழுவுவது எப்போது? செத்துக் கிடக்கும்போது. எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் பிணத்துக்குக்கூட ஒவ்வொன்றுக்கும் தனித்தண்ணீர்தான் ஊற்றுவார்கள்.

பேசின் நகர்ந்து நகர்ந்து என்னிடம் வந்துகொண்டிருந்தது. எழுந்து போயிருக்கலாம். நீங்கள் கேட்பீர்கள், ஏன் போகவில்லை என்று. மண்டபம் நிறைய ஆள். போனெல்லாம் எங்கள் பக்கமே நீட்டியிருந்தது. அத்தனை பேர் பார்க்க எழுந்து நடக்க எனக்குக் கால் வரவில்லை. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுந்து படிக்கச் சொன்னால் அழுதே விடுவேன். வலது காலை நாற்காலிக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு விரலைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று போய்விடும், இந்தப் பேசினில்தான் போகப்போகிறது.

என் முன்னால் முட்டி போட்டவர் நல்ல பருமனான ஆள். நரை விழுந்த தாடி. முட்டி தரையில் பட்டதும் 'அம்மா' என்றார், என்னை அல்ல, வலியில். பேசினில் தண்ணீர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று கிடந்தது. மேலே நுரை அடங்கி எண்ணெய் மாதிரி பளபளத்தது. இதழெல்லாம் கறுத்துச் சுருண்டு, பார்க்கத் தோலை உரித்துப் போட்ட மாதிரி இருந்தது. துண்டு சொட்டிக்கொண்டிருந்தது.

"பாட்டி, காலுறையைக் கழட்டட்டுமா?"

இரண்டு கையாலும் காலுறையைப் பிடித்துக்கொண்டேன். தலை மட்டும் ஆட்டினேன், வேண்டாம் என்று.

பாஸ்டர் பார்த்துவிட்டார். "பாருங்க, அம்மாவுக்கு வெட்கம்! அன்னைக்கும் ஒரு சீடர் இப்படித்தான் வேணாம்னாரு!" என்று மைக்கில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி பின்னாலிருந்து, "கழட்டுக்கா! தாலி கட்டப்போற புதுப்பொண்ணு மாதிரி பண்றியே!" என்றாள். இன்னும் சிரிப்பு.

நான் குனிந்தேன். தாடிக்காரர் காதுக்குக் கிட்டே போய்ச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தம்பி, இந்தக் கால்ல புண்ணு இருக்கு. ஒரு விரல் ஏற்கனவே எடுத்தாச்சி. இந்தத் தண்ணி பட்டா இன்னொண்ணும் போயிடும்."

அவர் குனிந்து பேசினைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அதைப் பார்க்கவே இல்லைபோல. மூக்கைச் சுளித்தார்.

"ஐயோ, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, பாட்டி?"

"யாரு கேட்டா?" என்றேன்.

அவர் பாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து சொல்லியிருக்கலாம், இந்த அம்மாவுக்கு வேண்டாம் என்று. சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ஆளுக்கும் அந்த மைக்கின் முன்னால் வாய் வரவில்லை. "அந்தக் காலைப் பின்னாலயே வெச்சுக்குங்க. இதை மட்டும் குடுங்க" என்று வாய்க்குள்ளேயே சொன்னார்.

இடது காலைக் கொடுத்தேன். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. எத்தனை பேர் காலின் சூடு அது. விரல் இடுக்கில் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. இதழோ, வைக்கோலோ, வேறெதுவோ. வயிறு புரட்டிக்கொண்டு மேலே வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. தாடிக்காரர் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டே தேய்த்தார். அந்தச் சொட்டுகிற துண்டால் துடைத்தார். முத்தம் கொடுக்கக் குனிந்தார், உதடு படவில்லை. படாததே புண்ணியம்.

"அண்ணே, இன்னொரு கால்?" என்றான் போன்காரன்.

"போதும் லா. பேட்டரி தீர்ந்துடப் போவுது" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

கூட்டத்தோடு வெளியே போகப் பிடிக்காமல் பின்வாசல் வழியாகப் போனேன். அங்கே குழாயடியில் அவர்கள் எல்லாரும் நின்றார்கள். சோப்பைக் கை மாற்றி மாற்றி முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாயைக் கொப்புளித்துத் துப்பினான். "முதல் பாட்டி கால்ல மாட்டுச் சாணிடா மச்சான்! எனக்கா அது மாட்டணும்!" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். தாடிக்காரர் மட்டும் சிரிக்காமல் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கை கழுவியதில் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் கழுவியிருப்பேன். ஆனால் அந்தக் குழாயில் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. சுத்தமான தண்ணீர். மண்டபத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் அவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து இடது காலை சோப்புப் போட்டுக் கழுவினேன், பிறகு உப்புத் தண்ணீரில் கழுவினேன். அப்படியும் அந்த வாசனை போகவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் போன்.

"அக்கா, நீ பெரிய ஆளாயிட்டே! வீடியோவுல உன் மூஞ்சியைத்தான் முதல்ல போட்டிருக்காங்க. பாரு, அழுவுறே. உன்னையும் மதிச்சுக் காலைத் தொட ஆள் வந்துச்சேன்னு ஆனந்தக் கண்ணீர் வடிச்சியாம். எழுதியிருக்காங்க."

"அது அழுகை இல்லடி. வாந்தி வந்துச்சி, அடக்கினேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, இதை வெளிய சொல்லாதே, பையைத் திருப்பிக் கேட்டுடப் போறாங்க!"

"அதை அழிக்கச் சொல்லு."

"எப்படிக்கா அழிக்கிறது? எத்தனையோ பேர் போனுக்குப் போயிடுச்சி. எல்லாரும் கை கூப்புற பொம்மை போட்டிருக்காங்க."

இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலிக்குக் கீழே, நிழலில், காலுறையின் நுனி கொஞ்சம் தெரிந்தது. அதை மட்டும் பார்த்தேன்.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு காலுறையைக் கழற்றினேன். கட்டு காலையில் இருந்த மாதிரியே வெள்ளையாக இருந்தது. ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம் இல்லை. பையில் அரிசி, பிஸ்கட், சீனி இருந்தது. இனிப்பு நீர்க்காரிக்குச் சீனி. அதை மட்டும் எடுத்துப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்து படுத்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.