ரீஸ்டார்ட் அண்ணன்

எங்கள் அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரை 'ரீஸ்டார்ட் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். இணையதளம் ஆமை மாதிரி நகர்ந்தாலும் சரி, மொத்தமாகப் படுத்தாலும் சரி, அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ரீஸ்டார்ட். டிஸ்க் நிரம்பினால், பிழைகள் பதிவாகும் லாக் ஃபைல்களை அழித்துவிடுவார். குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, திருடனே வரவில்லை என்று தூங்குகிற புத்தி.

"அண்ணே, லாக் இருந்தாத்தானே எங்க தப்புன்னு தெரியும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதைப் படிச்சு என்ன பரீட்சையா எழுதப்போறே? எழவு, இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்குது" என்றார், பல்லைக் குத்திக்கொண்டே.

நேற்று லாக்கையெல்லாம் வழித்த பிறகும் இடம் போதவில்லை. வாடிக்கையாளர்களின் புகார்கள் வந்து சேரும் மெயில்பெட்டியும் அதே சர்வரில்தான் இருந்தது. அண்ணன் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் துடைத்தெறிந்தார்.

இன்று மீட்டிங்கில் மேனேஜர் வாயெல்லாம் பல்லாக, "இந்த வாரம் ஒரு புகார்கூட இல்ல! இதுக்குப் பேருதான் வேலை!" என்று அண்ணனுக்குப் பூங்கொத்து கொடுத்தார். சொரணையே இல்லாமல் வாங்கிக்கொண்டவர், அதைத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுபோய்ச் சர்வர் மேலேயே வைத்தார்.

"அண்ணே, தண்ணி!" என்று கத்தினேன்.

"படுத்தா ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம், விடு."