இடப்பக்கம் பார்த்த பெண்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா என் லேப்டாப் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இந்தப் படத்தை இடம் வலமாத் திருப்ப முடியுமோடீ?”

முடியும். படங்களில் பிழை தேடும் மென்பொருளைச் சோதிப்பதுதான் காக்கநாட்டில் எனக்கு வேலை. திருப்பினேன்.

“இப்ப இதைத் தூக்கி அது மேல வை.”

வைத்தேன். இரண்டும் பாக்கெட் கடிகாரத்தின் பின்பக்கம். எனாமலில் பூக்கூடையோடு ஒரு பெண், சுற்றிலும் முத்துக்கள். ஒன்று ஏலப் புத்தகத்தில் இருந்த படம். மற்றது கொச்சங்காடி கிருஷ்ணபிரசாத் மாமாவின் கடிகாரம். கூடையின் மேல் கூடை சரியாக உட்கார்ந்தது. அங்கியின் மடிப்பு மட்டும் மயிரிழை தள்ளியிருந்தது.

“தள்ளித்தான் இருக்கணும். கையால வரைஞ்சதாக்கும். நகல் எடுத்தவன்னா தாள் வச்சு எடுப்பான், தள்ளாது,” என்றாள்.

அம்மா, கமலாக்ஷி, மட்டாஞ்சேரியில் ஒரு பழம்பொருள் கடையில் முப்பத்தொரு வருஷம் இருந்தாள். எந்த ஊர், எந்தக் காலம், அசலா நகலா என்று சாமான்களுக்குச் சீட்டு எழுதுவாள். படித்தது பத்தாம் வகுப்பு. அவள் சீட்டில் ‘ஒருவேளை’ என்ற சொல்லை நான் பார்த்ததில்லை. தன் விளக்கு இருநூறு வருஷப் பழசு என்று சாதித்த ஒருவரிடம், “விளக்குக்கு வயசு இருபது. கதைக்குத்தான் இருநூறு,” என்றாள். அவர் சிரித்துவிட்டு விளக்கை எடுத்துக்கொண்டு போனார்.

மாமா கடிகாரத்தைக் காட்டியது மூன்று வாரம் முன்பு. லண்டனில் செய்து சீனத்துக்கு அனுப்பிய வகை. புத்தகத்தில் பெண் வலப்பக்கம் பார்க்கிறாள், இதில் இடப்பக்கம். நகல் எடுப்பவர்கள் இப்படித் தாளைத் திருப்பி வைத்துவிடுவது அம்மாவுக்குத் தெரியும். மாமா வீட்டுக் கூடத்தில் நின்று “நகல்” என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்படியானால் முத்துக்களைப் பெயர்த்து மகள் ஸ்நேஹாவின் கல்யாணத்துக்குத் தோடு செய்யலாம் என்று மாமா முடிவெடுத்தார். தட்டான் வருவது வரும் வெள்ளிக்கிழமை.

முந்தின நாள் சனிக்கிழமை அம்மா வேறொரு புத்தகத்தில் படித்தாள். சீனத்துக்குப் போன இந்தக் கடிகாரங்கள் பல ஜோடியாகப் போயின. ஜோடிப் படங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி, ஒன்றில் இருப்பதை மற்றதில் திருப்பி வரைவார்கள்.

“போன்ல சொல்லிடேன்மா,” என்றேன் திரையில் இருந்த படங்களைப் பார்த்தபடி.

“வீட்டுக்குப் போய்த் தப்பாச் சொன்னேன். வீட்டுக்குப் போய்த்தான் திருத்தணும். நாளைக்குக் காலம்பற போறேன். நீ பிரிண்ட் எடுத்து வை.”

“தப்புன்னு சொல்ல உனக்கு வருமோ?”

“பழகிக்கறேன், போடீ.”

திங்கட்கிழமை விடியுமுன் மாரடைப்பில் அம்மா போய்விட்டாள். பிரிண்ட் மேசைமேல் இருந்தது.

வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கொச்சங்காடி போனேன். பத்து நாள் தீட்டில் கல்யாண வீட்டுக்குள் போகக்கூடாது. கேட்டுக்கு வெளியே தெருவில் நின்று கூப்பிட்டேன். மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“எந்தா அதிதி, தெருவுல நிக்கறே? தீட்டுன்னா என்ன, உள்ள வா குட்டி.”

“வேண்டாம் மாமா, கல்யாண வீடு. நாளைக்குத் தட்டானை வர வேண்டாம்னு சொல்லிடுங்கோ. கடிகாரம் அசல்.”

“யாரு சொன்னா? கமலாக்ஷி நகல்னு சொன்னாளே. அவ தப்பாச் சொல்ல மாட்டா.”

பிரிண்டை மதில்மேல் விரித்து வைத்தேன்.

“தப்பாத்தான் சொல்லிட்டா மாமா. திங்கட்கிழமை வந்து திருத்தணும்னு இருந்தா.”